பழைய மைஃபோர்டா, சின்ன ஜெட்டா?

இங்கிலாந்தில் குறைந்த பணத்தில் பழைய மரக் கடைசல் லேத் தேடுபவருக்கு இரண்டு வழி. ஒன்று, நாட்டிங்காம் பக்கத்து பீஸ்டனில் செய்த மைஃபோர்ட் எம்எல்8. இன்னொன்று, ஜெட் 1014 மினி லேத்.

மேசைக்கால் கடையவா? யோசிக்கவே வேண்டாம், மைஃபோர்ட்தான். அதன் சிறிய மாடலிலேயே 30 அங்குல நீள மரம் வைக்கலாம். ஜெட்டில் 14 அங்குலத்தோடு சரி. கிண்ணம் என்றால் கதை மாறும்: ஜெட் 10 அங்குல விட்டம் தாங்கும், மைஃபோர்ட் 8. மைஃபோர்டின் பின்பக்கத்தில் பெரிய கிண்ணம் கடைய வழி உண்டு, அதற்கான துணைக்கருவி கூடவே வந்தால்.

பலர் மறப்பது ஸ்பிண்டிலின், அதாவது மரத்தைச் சுழற்றும் தண்டின், மரையை. ஜெட்டில் அங்குலத்துக்கு 8 மரை, அதில் மாட்டும் சக் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கருவி) எளிதில் கிடைக்கும். மைஃபோர்டில் 12, சக் வாங்கும்போது அதற்கேற்ற அடாப்டரும் தேட வேண்டும். சக்கோடு சேர்த்து விற்கிறார்கள் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எதுவானாலும் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போயிருக்கும். மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை, ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக் வரை தள்ளி, இரண்டு முனைகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்றும் பாருங்கள். துரு பயமுறுத்த வேண்டாம், தேய்த்தால் போகும். இடம் குறைவு, கிண்ணமும் பேனாவும் போதும் என்பவருக்கு என் ஓட்டு ஜெட்டுக்கே.