முட்டையின் எந்த வேலைக்கு எந்த மாற்று?

முட்டை, பால் போன்ற விலங்குப் பொருள்கள் எதுவும் சேர்க்காத வீகன் பேக்கிங்கில் "ஒரு முட்டைக்கு இது இவ்வளவு" என்று சொல்லும் அட்டவணைகளால் பலரது கேக் வீணாகியிருக்கிறது. காற்றைப் பிடித்து நுரைப்பது வெள்ளைக்கரு. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் வைப்பது மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின். சூட்டில் இறுகிக் கேக்கைத் தாங்குவது இரண்டிலும் உள்ள புரதம். இந்த வேலைகளுள் எது நமக்குத் தேவை என்று அறியாமல் மாற்றுப்பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நுரைதான் தேவை என்றால், கொண்டைக்கடலை வேகவைத்த நீருக்கு இணை இல்லை. 2014-இல் பிரான்சைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் அந்நீர் நுரைப்பதைக் கண்டறிந்தார். மறு ஆண்டு அமெரிக்கரான கூஸ் வோல்ட், அதனுடன் சர்க்கரை மட்டும் சேர்த்தே மெரிங் என்னும் மொறுமொறுப்பான நுரை இனிப்பைச் செய்யலாம் என்று காட்டி, நீரையும் அவரையையும் குறிக்கும் லத்தீன் சொற்களை இணைத்து 'அக்வாஃபாபா' என்று பெயரிட்டார். ஒரு வெள்ளைக்கருவுக்கு 2 மேசைக்கரண்டி போதும். வீட்டில் எடுப்பதானால், உப்பில்லாமல் வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையின் நீரை, வெள்ளைக்கருவின் பதத்துக்கு வரும்வரை சுண்டக் காய்ச்சி, நன்கு ஆறவிட்டு அடிக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் நுரை நிற்காது. ஆயினும் வெள்ளைக்கருவில் சுமார் 10 சதவீதம் இருக்கும் புரதம் இந்நீரில் மிகக் குறைவு என்பதால், நுரையை மட்டுமே நம்பி எழும்பும் ஏஞ்சல் கேக் போன்றவை அடுப்பிலேயே அமுங்கிவிடும். மெரிங் தப்பிப்பதற்குக் காரணம், அது குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்ந்து, சர்க்கரையின் உறுதியால் நிற்பதுதான்.

ஆளி விதை இதற்கு நேர் எதிரானது. பொடித்த விதை 1 மேசைக்கரண்டியை 3 மேசைக்கரண்டி நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் வரும் கொழகொழப்பு, மாவை நன்றாகப் பிணைக்குமே தவிர, சிறிதும் எழுப்பாது. குக்கி, பிரவுனி போன்ற அடர்த்தியான பண்டங்களுக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். வெனிலா கேக்கில் சேர்த்தால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். 2 முட்டைக்கு மேல் ஈடுசெய்ய முயன்றால் நடுப்பகுதி பிசுபிசுக்கும்.

சாதாரண கேக்குக்கு இவை இரண்டுமே அவசியமில்லை என்பது என் உறுதியான கருத்து. பால், வெண்ணெய், முட்டை எதுவுமில்லாத அமெரிக்கச் சாக்லேட் கேக்கில், ஒன்றரைக் கப் மைதாவுக்கு 1 தேக்கரண்டி சமையல் சோடாவும் 1 மேசைக்கரண்டி வினிகரும் சேர்ந்து வெளிவிடும் கரியமில வாயுவே மாவை எழுப்புகிறது. மைதாவிலுள்ள குளூட்டன் என்னும் புரதமும் மாவுச்சத்தும் அதைத் தாங்குகின்றன. குமிழிகள் விரைவில் அடங்கிவிடும் என்பதால், அடுப்பை முன்பே சூடாக்கி வைத்துவிட்டு, வினிகரைக் கடைசியாகக் கலந்தவுடன் கலவையை உள்ளே வைத்துவிட வேண்டும்.