லேவுக்குப் போகும் இரு சாலைகள்: கார்கில் வழியா, கேலாங் வழியா?

லே நகருக்குத் தரைவழியாகச் செல்ல விரும்புகிறவர் முன் பழகிய சாலைகள் இரண்டு உள்ளன. ஸ்ரீநகரில் தொடங்கி சோனாமார்க், சோஜி லா, டிராஸ், கார்கில் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 1 ஒன்று. மணாலியில் தொடங்கி கேலாங், சார்ச்சு, பாங் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 3 மற்றொன்று. இரண்டும் ஏறத்தாழ 420 முதல் 430 கிலோமீட்டர் நீளமுள்ளவை. இரண்டிலும் குறைந்தது ஓர் இரவாவது வழியில் தங்கியாக வேண்டும். கணவாய்களில் பனியை வெட்டி வழி திறப்பதும் இரண்டிலும் எல்லைச் சாலைகள் அமைப்புதான். ஆகவே தூரத்தையோ பயண நேரத்தையோ வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலாது. (இப்பகுதிப் பெயர்களின் முடிவில் வரும் 'லா' என்பதற்கு லடாக்கி மொழியில் கணவாய் என்று பொருள்.)

எது அதிக அழகு என்ற கேள்வியோடுதான் இந்த ஒப்பீடு வழக்கமாகத் தொடங்குகிறது. அழகில் இரண்டுமே குறைந்தவை அல்ல என்பதால் அந்தக் கேள்வி எவரையும் முடிவுக்குக் கொண்டுவருவதில்லை. முதல் இரவு எந்த உயரத்தில் உறங்கப் போகிறோம், வழியில் இருக்கும் ஊர்கள் எத்தகையவை என்ற இரண்டையும் கேட்டால் விடை தெளிவாகிறது. இரண்டாவது கேள்விக்கான விடை, 1948-49 முதல் மூடிக் கிடக்கும் ஓர் எல்லையில் போய் நிற்கிறது.

உயரத்தை முதலில் பார்த்துவிடலாம். ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டரில் இருக்கிறது. சோஜி லா 3,500 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதைக் கடந்து இறங்கினால் டிராஸ் 3,300 மீட்டருக்குச் சற்றுக் கீழேயும், இரவு தங்கும் கார்கில் 2,700 மீட்டருக்கு அருகிலும் உள்ளன. மறுநாள் நமிகா லாவையும், இச்சாலையின் மிக உயர்ந்த இடமான 4,108 மீட்டர் ஃபோட்டு லாவையும் கடந்து, 3,500 மீட்டரில் உள்ள லேவை அடைகிறோம். பகலில் ஏறி இரவில் இறங்கி உறங்கும் இந்த ஒழுங்கு, உடல் மெல்லிய காற்றுக்குப் பழகுவதற்கு மிகவும் ஏற்றது.

மணாலி வழியின் கணக்கு வேறு. மணாலி 2,000 மீட்டர், கேலாங் 3,000 மீட்டருக்குச் சற்று மேல், அடுத்துள்ள ஜிஸ்பா 3,200 மீட்டர். இந்த இரண்டில் ஒன்றில் தங்குவது வரை கவலை இல்லை. அதற்கு மேல் பாராலாச்சா லா 4,900 மீட்டரை நெருங்குகிறது. நக்கீ லா 4,700 மீட்டரைத் தாண்டுகிறது. லாச்சுங் லா 5,000 மீட்டரைக் கடக்கிறது. தங்லாங் லா 5,300 மீட்டருக்கும் மேல். இவற்றின் இடையில் கூடாரம் அடித்துத் தங்கக் கிடைக்கும் சார்ச்சு 4,300 மீட்டருக்கு அருகிலும், பாங் 4,600 மீட்டரிலும் இருக்கின்றன. சென்னையின் அல்லது மதுரையின் தட்டையான நிலத்திலிருந்து கிளம்பி மூன்றாம் நாள் இரவில் சார்ச்சுவில் படுப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் மூச்சுத் திணறலும் வருவது அவருடைய உடல் வலிமைக் குறைவால் அன்று. வேகமாக ஏறியதே காரணம். நல்ல உடற்பயிற்சி உள்ள இளைஞர்களையும் மலைநோய் விட்டுவைப்பதில்லை. அதன் மருந்து கீழே இறங்குவதுதான். சார்ச்சுவில் இருப்பவர் எந்தப் பக்கம் போனாலும் ஓர் உயர்ந்த கணவாயை ஏறிய பிறகுதான் இறங்க முடியும். முதல் முறை செல்பவர்களுக்கு நான் ஸ்ரீநகர் வழியைச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஊர்களைப் பற்றிய வேறுபாடு இதைவிட ஆழமானது. மணாலி சாலையில் தார்ச்சாவைத் தாண்டினால், லடாக்கின் ரும்ட்சே வரை, ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் ஊர் என்று சொல்லத்தக்கது எதுவும் சாலையோரத்தில் இல்லை. சார்ச்சுவும் பாங்கும் கோடையில் முளைத்துக் குளிர்காலத்தில் மறையும் கூடாரக் குடியிருப்புகள். மோரே சமவெளியில் சாங்பா மேய்ப்பர்கள் ஆடுகளோடும் யாக்குகளோடும் இடம் மாறுகிறார்கள். அந்த வெறுமைக்காகவே இச்சாலையை விரும்புகிறவர்கள் உண்டு. அந்த விருப்பத்தில் குறை காண எதுவும் இல்லை. கட்டா வளைவுகளின் 21 திருப்பங்களை ஏறி மேலிருந்து திரும்பிப் பார்க்கும் காட்சிக்கும், நாற்பது கிலோமீட்டர் நேராக ஓடும் மோரே சமவெளிக்கும் ஸ்ரீநகர் சாலையில் ஈடு கிடையாது.

ஸ்ரீநகர் சாலையில் ஏறத்தாழ ஒவ்வொரு திருப்பத்திலும் வயலும் வீடும் வழிபாட்டிடமும் வருகின்றன. சோஜி லாவின் ஒரு பக்கம் காஷ்மீரி பேசும் பச்சைப் பள்ளத்தாக்கு. மறுபக்கம் மரமற்ற மலைகளுக்கு நடுவே ஷினாவும் பல்டியும் பேசும் டிராஸ். கார்கிலில் ஷியா முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். அங்கே பேசப்படும் புரிக் மொழி, திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கார்கிலிலிருந்து ஒரு மணி நேரம் கிழக்கே சென்றால் முல்பெக்கில், பாறையில் நின்ற கோலத்தில் செதுக்கப்பட்ட பழமையான மைத்ரேய புத்தர் சாலையோரத்திலேயே நிற்கிறார். அங்கிருந்து மசூதிகள் குறைந்து கோம்பாக்கள் எனப்படும் பௌத்த மடங்கள் மிகுகின்றன. லாமாயுருவை அடையும்போது முழுக்கப் பௌத்த நிலத்துக்கு வந்துவிடுகிறோம். இரண்டு நாள் பயணத்தில் மொழியும் சமயமும் வீட்டுக் கூரையின் வடிவமும் இப்படிப் படிப்படியாக மாறுவதைக் காட்டும் சாலை நம் நாட்டில் அரிது.

இந்தச் சாலையில்தான் மூடிய எல்லை அருகே இருக்கிறது. கார்கில் ஒரு சந்திப்பூர். ஸ்ரீநகர், லே, சான்ஸ்காரின் பதும் ஆகிய மூன்றும் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் சற்று மேலான தொலைவில் உள்ளன. இன்று பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள ஸ்கார்டு இவை மூன்றையும்விட அருகில் உள்ளது. ஜம்மு காஷ்மீர் மன்னர்களான டோக்ராக்களின் ஆட்சிக் காலத்தில் லே, கார்கில், ஸ்கார்டு மூன்றும் ஒரே லடாக் நிர்வாகப் பிரிவின் வட்டங்களாக இருந்தன. ஆண்டின் ஒரு பகுதியில் தலைமையகம் ஸ்கார்டுவுக்கு மாறும். 1948 ஆகஸ்டில் ஸ்கார்டு வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று இந்தியப் படை, அந்த உயரத்தில் எவரும் எதிர்பாராத வகையில், இலகு டாங்கிகளை சோஜி லாவில் ஏற்றிக் கணவாயைக் கைப்பற்றியது. அம்மாதத்திலேயே டிராஸும் கார்கிலும் மீண்டன. அன்று பிரிந்த ஸ்கார்டு சாலை இன்றுவரை பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. நான்கு திசைகளிலிருந்தும் சரக்கு வந்த சந்திப்பு, வண்டிகள் ஓர் இரவு நின்று செல்லும் இடமாகச் சுருங்கிவிட்டது. கார்கிலில் உள்ள முன்ஷி அஜீஸ் பட் அருங்காட்சியகத்தில், பழைய சத்திரம் ஒன்றிலிருந்து மீட்ட மத்திய ஆசிய வணிகப் பொருள்களைப் பார்த்தால், அந்தச் சுருக்கத்தின் அளவு புரியும். சாலையைத் திறந்து, பிரிந்த குடும்பங்கள் சந்திக்க வழி செய்யுங்கள் என்ற கோரிக்கையைக் கார்கில் மக்கள் பல பத்தாண்டுகளாக எழுப்பி வருகிறார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

நகரிலிருந்து சிறிது தொலைவில், கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி ஹுண்டர்மான் என்ற சிற்றூர் இருக்கிறது. 1971 போரில் இது இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே குடும்பத்தினர் கோட்டுக்கு இருபுறமும் சிக்கிக்கொண்டார்கள். மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற பழைய கல்வீடுகளைக் கைவிட்டு மக்கள் மேலே குடியேறிவிட்டார்கள். அந்த வீடுகளில் ஒன்றில் அவர்கள் விட்டுச்சென்ற கடிதங்களும் பாத்திரங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கார்கில் வழியே ஓடும் சுரு ஆறு மட்டும் யாருடைய அனுமதியுமின்றிக் கோட்டைக் கடந்து, அந்தப் பக்கத்தில் சிந்துவோடு கலக்கிறது.

1999 கார்கில் போரில் இந்த அருகாமையின் விலை தெரிந்தது. டிராஸுக்கு மேலே உள்ள தோலோலிங், டைகர் ஹில் உள்ளிட்ட சிகரங்களில் பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவியவர்கள் நெடுஞ்சாலையைக் கண்ணுக்கு நேரே பார்த்துப் பீரங்கிகளுக்கு இலக்குச் சொல்ல முடிந்தது. கார்கில் நகரிலிருந்து பலர் சுரு பள்ளத்தாக்கின் உட்புற ஊர்களுக்கு ஓடினார்கள். ஜூன் 13 அன்று தோலோலிங்கும் ஜூலை 4 அன்று டைகர் ஹில்லும் மீட்கப்பட்டன. டிராஸில் சாலையோரத்திலேயே, தோலோலிங்கின் அடியில், போர் நினைவகம் இருக்கிறது. கார்கிலுக்குக் கிழக்கே படாலிக் பகுதியில் மே 29 அன்று வீரமரணம் அடைந்த மேஜர் மாரியப்பன் சரவணனைத் திருச்சி இன்றும் நினைவுகூர்கிறது. அந்தச் சாலையில் போகும் தமிழர்கள், டிராஸ் நினைவகத்தில் நிழற்படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

மணாலி சாலையின் இன்றைய முக்கியத்துவமும் அந்தப் போரோடு சேர்ந்ததே. ஒரு வழியை எதிரியின் பீரங்கி எட்டும் என்று தெரிந்தபின், எட்டாத வழி எல்லாப் பருவத்திலும் தேவை என்ற உணர்வு வலுத்தது. ரோத்தங் கணவாயின் அடியில் சுரங்கப்பாதை அமைக்கும் முடிவு 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டு, பாதையில் 46 கிலோமீட்டரைக் குறைத்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டு, நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொண்டுசெல்ல நேர்ந்த, கேலாங் அமைந்திருக்கும் லாஹவுல் பள்ளத்தாக்குக்கு, ராணுவத் தேவைக்காகத் தோண்டிய அந்தச் சுரங்கம் பெரும் விடுதலையாயிற்று. கேலாங்கின் வாழ்வு மாறிய அளவுக்கு, எல்லைக்கு மிக அருகில் உள்ள கார்கிலின் வாழ்வு இன்னும் மாறவில்லை.

ஆனால் மாறிக்கொண்டிருக்கிறது. சோனாமார்க்குக்குப் போகும் 6.5 கிலோமீட்டர் சுரங்கம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. சோஜி லாவின் அடியில் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தின் வேலை நடந்துவருகிறது. முன்பெல்லாம் ஐந்தாறு மாதம் அடைந்து கிடந்த சோஜி லா, 2025இல் 32 நாள் மட்டுமே மூடப்பட்டு ஏப்ரல் 1 அன்று திறந்தது. மணாலி வழியில் பாராலாச்சா லா திறக்கப் பெரும்பாலும் மே மாதம் ஆகிவிடும். நவம்பரில் மறுபடியும் மூடிவிடும். ஏப்ரல் கடைசியில் விடுமுறை கிடைப்பவருக்கு ஸ்ரீநகர் வழியே தரைவழி என்று கொள்ள வேண்டும். சோஜி லாவுக்கும் குறை உண்டு: செங்குத்தான சரிவில் குறுகிய மண்பாதை, மழை பெய்தால் சேறு, சரக்கு லாரிகளின் நீண்ட வரிசை. ஜூலை, ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரைக் கூட்டமும் பால்டால் வரை சேர்ந்துகொள்ளும். அந்தக் கணவாய்க்கு மட்டும் அரை நாளை ஒதுக்கிவைப்பது நல்லது.

லேவுக்கு அருகிலுள்ள நிம்முவிலிருந்து பதும் வழியாகத் தார்ச்சாவுக்கு வரும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சாலை மூன்றாவது வழியாக உருவாகி, 2024 மார்ச்சில் முழுவதும் இணைக்கப்பட்டது. பாகிஸ்தான், சீனா ஆகிய இரு எல்லைகளிலிருந்தும் விலகி உட்புறமாகச் செல்வதுதான் ராணுவத்துக்கு அதன் பயன். ஷிங்கு லாவின் அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கம் முடிந்த பிறகே பயணிகள் அதை மற்ற இரண்டோடு வைத்து எடைபோட முடியும். இப்போதைக்கு அது பழகியவர்களுக்கான சாலை.

போக்குவரத்து வசதியில் ஸ்ரீநகர் பக்கம் அண்மையில் முந்திவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை புறப்படும் ஹிம்சாகர் விரைவு ரயில் காட்ரா வரை போகிறது. 2025 ஜூன் முதல் காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து கார்கிலுக்கும் லேவுக்கும் ஷேர் டாக்சிகள் கிடைக்கும். மணாலி வழியில், இமாச்சல அரசுப் பேருந்து கோடையில் தில்லியிலிருந்து கேலாங் வழியாக லே வரை ஓடுகிறது. குறைந்த செலவில் போக அதைவிடச் சிறந்தது இல்லை. சொந்த வண்டியில் போகிறவர் தாண்டி என்ற ஊரில், சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடுமிடத்தில், எரிபொருளை முழுமையாக நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அங்கே பெரிய பலகையே வைத்திருந்தார்கள். கார்கில் வழியில் இந்தக் கவலை இல்லை. இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒன்று: நம் மாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு இணைப்பு கையில் இருக்க வேண்டும்.

ஆகவே, போகும்போது கார்கில், திரும்பும்போது கேலாங் என்பதே என் தேர்வு. லேவில் சில நாள் இருந்து பழகிய உடல், தங்லாங் லாவையும் சார்ச்சுவையும் எளிதாகத் தாங்கும். இந்த ஏற்பாட்டைப் பலரும் சொல்கிறார்கள். நான் அதில் கூட்டச் சொல்வது கார்கிலில் இரண்டாவது இரவு ஒன்றை. முதல் நாள் மாலை இருட்டிய பின் வந்து மறுநாள் விடியுமுன் கிளம்புகிறவர், அந்த ஊரைப் பார்க்காமலேயே கடந்துவிடுகிறார். காலையில் அருங்காட்சியகம், பகலில் ஹுண்டர்மான், திரும்பி வந்ததும் சுரு ஆற்றங்கரைக் கடைத்தெருவில் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ஒரு கிலோ என்று ஒரு நாளை அங்கே செலவிடலாம். உடலும் அந்த உயரத்துக்குப் பழகிவிடும். மூன்றாம் நாள் காலை ஃபோட்டு லாவை ஏறும்போது தலை வலிக்காது.