திரையில் 33, டயரில் 25: நாலு டயர் காசு போச்சு

இன்று காலைதான் நாலு டயரையும் மாற்றிவிட்டு வந்தேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, அதனால் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

எட்டு மாதம் முன்பு, எல்லாப் பொருளும் விற்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் கையடக்கக் காற்றடிக்கும் பம்ப் வாங்கினேன். அளவைப் பதிந்தால் அடித்து முடித்துத் தானே நின்றுவிடும் வகை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் என் காருக்குக் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ என்றிருக்கிறது. வாரம் தவறாமல், வண்டியை எடுக்கும் முன் 33 வைத்தேன். சிவப்பு எண் 33-க்கு வந்து டப்பென்று நிற்கும்போது அப்படி ஒரு திருப்தி! காற்றடிக்க வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்ததும் உண்டு.

ஸ்டியரிங் கனத்தது, மைலேஜ் குறைந்தது. பழைய வண்டி, வயசாகிவிட்டது என்று நினைத்தேனே தவிர பம்பைச் சந்தேகிக்கவில்லை. போன வாரம் அலைன்மென்ட் பார்க்கப் போன இடத்தில் மெக்கானிக் டயரைத் தடவிவிட்டு, "ரெண்டு ஓரமும் வழுக்கை, நடுவுல மட்டும்தான் பட்டன் நிக்குது. காத்தே இல்லாம ஓட்டுறீங்களா சார்?" என்றார். சுருக்கென்றது. அன்று காலைதான் 33 வைத்திருந்தேன். ஓடிவந்த சூட்டில் அது இன்னும் கூடியல்லவா இருக்க வேண்டும்? காற்றளவு பார்க்கும் அவர் கேஜில் 27. இன்னொரு கேஜிலும் 27. என் பம்ப் மட்டும் 35 என்று சாதித்தது. 8 பிஎஸ்ஐ பொய்!

தளத்தில் புகார் செய்தேன். முதலில், பம்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள் என்றார்கள். அப்புறம், திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது, விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள். விற்றவரோ, "திரையில வர்றது உத்தேச அளவுதான் சார்" என்கிறார். உத்தேசமா? விளம்பரத்தில் மூன்று இடத்தில் 'துல்லியம்' என்று போட்டிருக்கிறதே! ரெண்டு கேஜையும் பம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த வீடியோவை அனுப்பினேன். நீங்கள் ஓட்டும் விதத்தால் தேய்ந்திருக்கலாம் என்று ஒரு பதில், கூடவே புகார் முடித்துவைக்கப்பட்டதாகத் தகவல். பம்ப் காசு தொலையட்டும், நாலு டயர் காசை யார் தருவது?

காற்று வைப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தனியாக ஒரு கேஜ் வாங்கி, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் பம்பைச் சோதியுங்கள். டயர் ஆறியிருக்கும்போது மட்டும் அளவு பாருங்கள், சூட்டில் கூடியதை இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் காற்றழுத்த எண் அது தாங்கும் உச்சம். அதைப் பார்த்து அடிக்காதீர்கள், கதவு ஸ்டிக்கர்தான் கணக்கு.

பம்ப் டிக்கியில்தான் கிடக்கிறது. 41 என்று பதிந்தால் 33 வருகிறது.