தலைப்பைச் சொல்லிவிட்டுக் கணக்குக் கேட்கும் செயலி

கணித செயலியின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, பையன் அடுத்த வருடம் இறுதித் தேர்வு எழுதுகிறான், வாங்கட்டுமா என்று நண்பர் கேட்டார். என் மகள் தேர்வு முடியும்வரை அதே செயலியில்தான் திருப்புதல் செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். காணொளிகள் அருமை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சொல்கிறது. குறிப்பு கேட்டால் முழு விடையையும் கொட்டிவிடாமல் ஒரு வரி மட்டும் தருகிறது. மறுபடி கேட்டால்தான் அடுத்த வரி. ராத்திரி நேரத்தில் ஒரு சந்தேகத்தை நாலு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காத ஆசிரியர் கிடைப்பது பெரிய விஷயம். அதில் எனக்குக் குறையே இல்லை.

என் கோபம் பயிற்சிப் பகுதியின் மேல். ‘இருபடிச் சமன்பாடு: காரணிப்படுத்தல்’ என்று தலைப்புப் போட்டு, கீழே வரிசையாகப் பத்துக் கணக்கு. பத்தும் காரணிப்படுத்தல்தான். முதல் இரண்டில் வழி பிடிபட்டதும் மீதி எட்டும் கை வேலை, மூளைக்கு வேலையில்லை. பத்துக்குப் பத்து, பச்சை டிக், காகிதப் பூ மழை, ‘இந்தப் பாடத்தில் நீ கெட்டி’ என்று ஒரு பதக்கம். அப்புறம் ஒரு முழு மாதிரித் தேர்வில் இந்தக் கணக்கு வருகிறது: ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம், பரப்பளவு 40 சதுர மீட்டர், அகலம் என்ன? பதக்கம் வாங்கிய பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது இருபடிச் சமன்பாடு என்று அங்கே யாரும் எழுதிவைக்கவில்லையே! காரணிப்படுத்த அவளுக்குத் தெரியும். காரணிப்படுத்த வேண்டிய இடம் இது என்று கண்டுபிடிப்பதைத்தான் அந்தச் செயலி அவளிடம் கேட்டதே இல்லை. முக்கோணத்திலும் இதே கதை. பித்தாகரஸா, வடிவொத்த முக்கோணமா, சைனா கோசைனா என்று முடிவு செய்வதில்தான் பாதிக் கணக்கு இருக்கிறது. அந்தப் பாதியைத் தலைப்பே செய்துகொடுத்துவிடுகிறது.

இது என் எரிச்சல் மட்டும் இல்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு வகைவாரியாகப் பயிற்சி செய்தது, இன்னொரு குழு கலந்து செய்தது. பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 சதவீதம், கலந்து செய்தவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் வகைவாரிக் குழு 20-க்கு இறங்கிவிட்டது, மற்றவர்கள் 63. ரோரர் குழுவினர் பிறகு ஏழாம் வகுப்பில் 54 வகுப்புகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2020-இல் வந்தது. ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் வைத்த தேர்வில் கலந்து பயின்றவர்கள் 61, மற்றவர்கள் 38. பயிற்சியில் பச்சையாக ஒளிர்வதும் தேர்வில் நிற்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தெரிந்த விஷயம்தானே, காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் ‘எல்லாப் பாடமும் கலந்து’ என்று ஒரு பொத்தான் வைக்கக் கூடாதா? எழுதிக் கேட்டேன். நன்றி என்று பதில் வந்தது, பொத்தான் வரவில்லை.

இலவசக் கல்வித் தளமான கான் அகாடமி இதில் எவ்வளவோ மேல். அலகுத் தேர்வும், பாடம் முழுவதையும் கலந்து கேட்கும் கோர்ஸ் சேலஞ்சும் இருக்கின்றன. தனிப் பயிற்சியில் எல்லாம் சரியாகப் போட்டாலும் கடைசி நிலை கிடைக்காது, கலப்புத் தேர்வில் அதே திறனை மறுபடி காட்டினால்தான் கிடைக்கும். யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் எங்களுக்குக் கைகொடுத்தது பளபளப்பே இல்லாத ஒன்று: பழைய வினாத்தாள்களும் அவற்றின் விடைக்குறிப்புகளும், வெறும் பிடிஎஃப். தேர்வு நடத்தும் வாரியங்கள் பலவும் தங்கள் தளத்திலேயே போட்டுவைக்கின்றன. விடைக்குறிப்பை ஒரு மாணவி படிக்கும்போது நடப்பது எந்தச் செயலியிலும் நடக்கவில்லை. மேலே சொன்ன செவ்வகக் கணக்கில் 5 என்று பெட்டியில் தட்டினால் செயலி கைதட்டும். விடைக்குறிப்போ சமன்பாட்டை அமைத்ததற்கு இத்தனை மதிப்பெண், தீர்த்ததற்கு இத்தனை என்று பிரித்துக் காட்டும். 5, –8 என்று இரண்டு விடை வரும்போது, அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பதும் மகளுக்கு அங்கேதான் பதிந்தது. தப்பாகப் போன கணக்குகளை ஒரு நோட்டில் எழுதி, எந்த வழி என்பதை மட்டும் மறைத்துவைத்துச் சில நாள் கழித்து மறுபடி போடுவாள். மதிப்பெண் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வரைபடம் வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இருபடிச் சமன்பாட்டின் மாறிலியை ஸ்லைடரில் வைத்து மெல்ல ஏற்றினால் வளைவரை மேலே நகர்ந்து, அச்சை வெட்டும் இரண்டு புள்ளிகளும் நெருங்கி ஒன்றாகி, அப்புறம் காணாமல் போகும். b² – 4ac என்ற தன்மைக்காட்டி பூச்சியம் என்றால் என்ன, குறை எண் என்றால் என்ன என்பதை அவள் அதற்குப் பிறகு மனப்பாடம் செய்யவே இல்லை. இதுவும் இலவசம்.

சரி, வாங்கலாமா? காணொளிகளை அவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம்: தேர்வு எழுதப்போகும் பையனுக்கு வேண்டாம், பாதி விலைக்கும் வேண்டாம். அவனுக்கு வினாத்தாள், விடைக்குறிப்பு, ஒரு நோட்டு, நேரம் வைத்துக்கொள்ள ஒரு கடிகாரம் போதும். எங்கேயாவது அடிப்படை இடித்தால் கான் அகாடமியில் அந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரட்டும். சின்னவன் பின்னம் புரியாமல் தவிக்கிறான் என்று சொன்னீர்களே, அவனுக்கு வேண்டுமானால் வாங்குங்கள். ஆனால் அறிவிப்புகளையும் பதக்கங்களையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.