மொட்டைமாடியில் ஏழு வருட எட்வர்டு ரோஜா

2018 ஐப்பசியில் நான்கு ரோஜாச் செடிகள் வாங்கி மதுரை வீட்டு மொட்டைமாடியில் வைத்தேன். இரண்டு, கண்ணைப் பறித்த பெரிய பூ ஒட்டுச் செடிகள். மற்ற இரண்டும் பெயர்ச்சீட்டு இல்லாத, தண்டை வெட்டி நட்டு வளர்த்த போத்துச் செடிகள். 'பன்னீர் ரோஜா' என்று கொடுத்தார்கள். இன்று உயிரோடு இருப்பவை போத்துச் செடிகள்தாம்.

பன்னீர் ரோஜா என்று நம் பக்கம் டமாஸ்க்கையும் சொல்வார்கள், எட்வர்டையும் சொல்வார்கள். கோடை டமாஸ்க் வருடத்துக்கு ஒரு பருவம் பூத்து ஓய்ந்துவிடும். என்னுடையது ஓயவே இல்லை, ஆகவே எட்வர்டு. இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவில் டமாஸ்க்கும் சீன ரோஜாவும் கலந்து உண்டான வம்சம் அது. 1867-இல் முதல் நவீன ஒட்டுக்கலப்பு ரோஜாவாகச் சொல்லப்படும் 'லா பிரான்ஸ்' வந்ததற்கு முன்பே இருந்த இனங்களைத்தான் பழைய ரோஜா என்று கணக்கு வைக்கிறார்கள், எட்வர்டும் அதில் சேரும். அவற்றிலும் காலிகா, ஆல்பா இனங்களுக்கு நல்ல குளிர் வேண்டும். நம் மார்கழிப் பனி எந்த மூலைக்கு!

பூ எலுமிச்சம்பழ அளவுதான். காம்பு குட்டை, தலை தொங்கும். காலை ஆறு மணிக்குப் பறித்தால் காபி குடித்து முடித்த பிறகும் விரலில் மணம் நிற்கிறது. பத்து மணிக்குத் தொட்டால் இதழ்கள் கையோடு வந்துவிடும். பூச்சாடியில் வைக்க நினைப்பவர்கள் வேறு செடி பார்க்கலாம்.

ஒட்டுச் செடிகளில் ஒன்று முதல் கோடையிலேயே போனது. மற்றொன்றில் ஒட்டுக்குக் கீழிருந்து கொழுகொழுவென்று தளிர் வந்தது. பிழைத்துக்கொண்டது என்று மகிழ்ந்து, மூன்று மாதம் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றி அடிச்செடியான காட்டு ரோஜாவை வளர்த்திருக்கிறேன்!

எட்வர்டையும் ஒருமுறை கொல்லப் பார்த்தேன். 2020 பங்குனியில் கவாத்து செய்ததும் மொட்டைத் தண்டுகள் நுனியிலிருந்து கறுத்து வந்தன. தெருவில் பூ விற்கும் அக்கா பார்த்துவிட்டு, "சித்திரை வெயிலுக்கு இலைதானே தம்பி குடை, அதைப் போய் வெட்டிவிட்டாயே" என்றார். அதன்பின் ஐப்பசியில் மட்டுமே கத்தரி எடுக்கிறேன். வெட்டுவாயில் பூஞ்சாணம் வராமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுகிறேன்.

தொல்லை இல்லாமலும் இல்லை. கோடையில் இலையடியில் செம்பேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் குறைகிறது. மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி நோய். ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, இலை ஓரம் கருகுகிறது. மழைநீர் பிடித்து வைத்தவரை அதைத்தான் ஊற்றுகிறேன்.

போத்து கேட்டு மாடி ஏறுகிறவர்களை ஐப்பசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.