பெல்ட்டா, டைரக்ட் டிரைவா, ரப்பர் சக்கரமா?

அப்பாவின் ரெக்கார்டு பிளேயரில் தம்புரா சுருதி அலைய ஆரம்பித்ததும்தான், எந்த வகை பிளேயர் வாங்கலாம் என்ற தேடலில் இறங்கினேன். அது ரப்பர் சக்கரம் உரசி, ரெக்கார்டு உட்காரும் தட்டைச் சுழற்றும் பழைய வகை. வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில், மோட்டார் தண்டு அழுந்திய இடத்தில் சக்கரம் குழிந்துவிட்டது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் ஒரு இடறல். இழுவை நன்றாக இருக்கும், ஆனால் சரியான அளவில் மாற்றுச் சக்கரம் கிடைப்பது பெரும்பாடு.

டைரக்ட் டிரைவில் ரப்பரே கிடையாது, தட்டே மோட்டாரின் மேல் உட்கார்ந்திருக்கும். டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த எஸ்எல்-1200 பிளேயர் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. தட்டைக் கையால் பிடித்து வாசிக்கும் டிஜேக்களுக்கு அதுதான் சரி. அண்ணனுடையதை ஆறு மாதம்தான் கேட்டேன், ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் நான் வாங்கியது, மோட்டார் ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும் பழைய பெல்ட் செட்.

காரணம் ஒன்றுதான்: கெட்டுப்போனால் யார் சரிசெய்வது? டைரக்ட் டிரைவில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐசி (மின்னணுச் சில்லு) போனால், கைதேர்ந்த மெக்கானிக்கும் வேண்டும், உற்பத்தி நின்றுபோன பாகமும் வேண்டும். பெல்ட்டில் பெரும்பாலான கோளாறுகளை நாமே கண்டுபிடிக்கலாம்.

தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி, 3 நிமிடம் எண்ணுங்கள். எல்பி வேகத்தில் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) சரியாக 100 சுற்று வர வேண்டும். என் செட்டில் 97தான் வந்தது. அதாவது சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரஸ்தானம் இறங்கியிருந்தது. பெல்ட்டைக் கழற்றித் தட்டைக் கையால் சுழற்றினேன். வெகுநேரம் ஓடியது, அப்படியானால் பேரிங்கில் எண்ணெய் வறளவில்லை. மோட்டார் தண்டில் பெல்ட் மாட்டும் சிறு சக்கரமான புல்லியை ஸ்பிரிட்டால் துடைத்தேன், 98 வந்தது. மிச்சம் பெல்ட்தான், தளர்ந்து போயிருந்தது. பழைய பெல்ட்டை அளந்து வாங்காதீர்கள், அது நீண்டிருக்கும். பெல்ட் போகும் வழியில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிடச் சற்றுக் குறைவாக வாங்குங்கள். ரொம்ப இறுக்கமானால் மோட்டாருக்குச் சுமை. புதியதைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஏசி (மாறுமின்) மோட்டார் செட் என்றால் வோல்டேஜோடு புல்லியையும் பாருங்கள். அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சைக்கிள் (அலை), அதற்கான புல்லி நம் 50 சைக்கிளில் 33⅓க்குப் பதில் 28 சுற்றுக்கும் குறைவாகத்தான் ஓடும். புது பெல்ட் போட்டாலும் அது மாறாது, புல்லியைத்தான் மாற்ற வேண்டும்.