கூரைத் தகட்டின் பின்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரில், செம்பவாங்கில் இருந்த எங்கள் பழைய வரிசை வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி, போன வருடம் தீபாவளிக்கு முன்னால் குடிவந்தோம். பதினான்கு மாதம்தான் ஆகிறது. இந்த டிசம்பர் மழையில், மகள் படுக்கும் அறையில் வாளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கூரைக்கு மட்டும் 16,500 வெள்ளி (டாலர்). மூன்று பேரிடம் விலை கேட்டு, ஒரு தமிழரிடம் வேலையைக் கொடுத்தோம். "அக்கா, என் வீடு மாதிரி பார்த்துச் செய்றேன்" என்றார். கொட்டேஷனில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது: ஆஸ்திரேலியத் தகடு, பிஎம்டி 0.48 மில்லிமீட்டர், ஏஇசட் 150 பூச்சு. அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிஎம்டி என்பது பூச்சும் பெயிண்டும் நீங்கலாக உள்ளே இருக்கும் எஃகின் கனம். டிசிடி என்றால் பூச்சையும் சேர்த்து அளப்பது. டிசிடி 0.48 என்று விற்கும் தகட்டில் எஃகு சுமார் 0.42தான் இருக்கும். 'பாயிண்ட் நாலு எட்டு' என்று வாயால் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஏஇசட் 150 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் அலுமினிய, துத்தநாகக் கலவைப் பூச்சு. துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான்.

தகடு வந்து இறங்கிய அன்று நான் வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாதிக் கூரை மூடியாகிவிட்டது. கீழே ஒருவர் கிரைண்டரால் தகட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பொறி பறந்து, அடுக்கி வைத்திருந்த மற்றத் தகடுகள்மேல் விழுந்தது. கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் அக்கா வெட்டுவாங்க" என்றார் காண்டிராக்டர். அந்தப் பொறி சூடான இரும்புத்தூள். பெயிண்டைச் சுட்டு உள்ளே ஒட்டிக்கொள்ளும், மழை பட்டதும் துருவேறும். கத்திரியாலோ, பொறி பறக்காமல் தகட்டைக் கொறித்து வெட்டும் நிப்ளராலோதான் வெட்ட வேண்டும். ஆறே மாதத்தில் கடுகு சிதறியதுபோல் பழுப்புப் புள்ளிகள் வந்தன. அப்புறம் வெட்டிய ஓரங்களிலும் துரு.

துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பி மைக்ரோமீட்டரோடு வந்தான். கொல்லைப்புறத்தில் அவர்கள் விட்டுப்போன ஒரு துண்டை அளந்தான். பெயிண்டோடு சேர்த்தே 0.41. பிறகு அதைத் திருப்பிக் காட்டி, "பாரு அக்கா, ஒரு எழுத்துகூட இல்லை" என்றான். பேர்பெற்ற ஆலைகளின் தகடு என்றால் பின்பக்கத்தில் பெயர், கனம், பூச்சு விவரமெல்லாம் வரிசையாக அச்சடித்திருக்குமாம். எங்களுடையது வெறும் சாம்பல் நிறம். மேலே ஏறிப் பார்த்தால் திருகாணிகளை அளவுக்கு மீறி முடுக்கியதில் ரப்பர் வாஷர்கள் பிதுங்கிக் கிழிந்திருந்தன. ஒழுகியது அந்த வழியாகத்தான்.

காண்டிராக்டர் முதலில், அது ஒழுகல் இல்லை, ஏசியால் வேர்க்கிறது என்றார். படத்தை அனுப்பியதும், "அப்ப ஸ்டாக் இல்லை, இதுவும் அதே தரம்தான்" என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. அவர் கொடுத்த பத்து வருட உத்தரவாதம் அவருடைய சொந்த லெட்டர்ஹெட்டில் அடித்தது. ஆலை தரும் உத்தரவாதத்தில் உங்கள் வீட்டு முகவரி இருக்க வேண்டும். அதைக் கையில் வாங்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நான் வேலை முடிந்த அன்றே முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டேன், அதுதான் மனதை அறுக்கிறது. தகடு இறங்கும் நாளில் எப்படியாவது லீவு போட்டு வீட்டில் இருங்கள். ஒவ்வொரு கட்டுத் தகட்டையும் திருப்பச் சொல்லிப் படம் எடுங்கள்.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். கொட்டேஷன், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் அச்செடுத்தாயிற்று. அந்தத் தகட்டுத் துண்டைப் பழைய தமிழ் முரசில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.